சாமிக்கும் சட்டம் உண்டு

மிகுபுனைவு நாவல்களில் தெய்வத்தின் ஆற்றலுக்கு இன்று பெரும்பாலும் ஒரே கணக்குதான்: கும்பிடுகிறவர்கள் பெருகினால் சாமி வளரும், குறைந்தால் தேயும். டெர்ரி பிராட்செட்டின் ‘ஸ்மால் காட்ஸ்’ (1992), நீல் கெய்மனின் ‘அமெரிக்கன் காட்ஸ்’ (2001) இரண்டும் இந்தக் கணக்கில் நிற்பவை. சுவையான கணக்கு, ஆனால் மதுரைச் சீமையில் செல்லாது. இங்கே சாமியின் வலிமை கொடுத்த வாக்கில் இருக்கிறது.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பையே எடுத்துக்கொள்வோம். அழகரின் ஆற்றலைக் கவர்ந்துபோக மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகள் படிகளுக்கு அடியில் அடங்கினார்கள்; அவர்களோடு வந்த கருப்பு மலைக்குக் காவலாக நின்றுவிட்டார் என்பது கதை. அழகரின் அழகில் மயங்கினார் என்பார்கள். கதை அதோடு நிற்பதில்லை. காவலுக்கு ஈடாக அழகரின் அர்த்தசாமப் பிரசாதம் தனக்கு வேண்டும் என்ற பேச்சும் அதில் உண்டு. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகர் இவரிடம் உத்தரவு பெற்றே கிளம்புகிறார். பெருமாளே காவலாளியிடம் சொல்லிக்கொண்டு போகிற ஊர் இது! மீனாட்சிக்கும் சித்திரைப் பட்டாபிஷேகம் முதல் நான்கு மாத ஆட்சிதான். ஆவணியில் செங்கோல் சொக்கநாதர் கைக்கு மாறிவிடும். சொக்கநாதரைப் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில், பிட்டு விற்கும் கிழவி வந்தியின் கதை இன்னும் தெளிவு. வந்தியின் பங்காக வைகைக் கரையை அடைக்க, உதிர்ந்த பிட்டையே கூலியாக ஒத்துக்கொண்டு வந்த சொக்கநாதர், தின்பதும் தூங்குவதுமாகப் பொழுதைக் கழித்துப் பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறார். அடி அரசன் உட்பட எல்லா உயிர் மேலும் விழுந்தது, உண்மை. ஆனாலும் கூலியைத் தின்றவர் அடிக்குத் தப்பவில்லை.

இதெல்லாம் ஊர்க்கட்டுப்பாட்டுக்காக உண்டாக்கிய பயம், கருப்பு வாசலில் சத்தியம் செய்யும் பொய்யன் நடுங்குவது மனதின் வேலை என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். அங்கே சத்தியத்தில் தீரும் வழக்குகள் அந்த நடுக்கத்தால் தீருபவைதான். ஆனால் அதற்கு லட்சம் பேர் நம்பினாலும் பயனில்லை. வழக்காடும் இரண்டு பேரும் ஒரே சாமிக்குக் கட்டுப்பட வேண்டும். இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: கடவுளின் பெருமை பேச வந்த தலபுராணத்தில் போய் அவருக்கு வரம்பு தேடலாமா? பெருமை பேச வந்த நூலே பிரம்படியை மறைக்கவில்லை என்பதுதான் என் பதில். நக்கீரர் கதையையும் பாருங்கள். நெற்றிக்கண் திறந்த சொக்கநாதருக்கு, தன் பாட்டில் பிழை சொன்ன அந்தப் புலவரைச் சுடும் வல்லமை இருந்தது. பாட்டின் பிழையைச் சரியாக்கும் வல்லமை இல்லை.

மாய உலகம் படைக்கும் இளைய எழுத்தாளர்களே, உங்கள் சாமியால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போடுமுன், அது யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, தவறினால் யார் தட்டிக்கேட்பார் என்பதை முதலில் எழுதிவையுங்கள்.