தூக்குவது ஒன்று, தாங்குவது வேறு

1990இன் பின் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பற்றி இன்றும் பெருமையோடு பேசுகிறோம். உதிரிப்பாகமும் மின்சாரமும் இன்றி அந்தப் பழைய வண்டிகளை ஓடவைத்தவர்களின் கெட்டித்தனம் பாராட்டுக்குரியதே. ஆனால் அக்காலத்தில் வேரூன்றிய ஒரு பழக்கத்தைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. கையில் அகப்பட்டதை முட்டுக்கொடுத்து வண்டியை உயர்த்தி, அதன் கீழ் ஆளைப் படுக்கவிடும் பழக்கமே அது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் நெருக்கடியில் உதிரிப்பாக விலைகளும் ஏறின. தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய போதிலும், புது வண்டி கிராமத்தவருக்கு எட்டாக்கனிதான். ஆகவே முற்றத்து மாமரத்தின் கீழ்த் திருத்தவேலை தொடரவே செய்யும். அதைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை.

உயர்த்துவதில் எம்மவர் வல்லவர்கள். ஒரு மொறிஸ் மைனர் ஏறத்தாழ முக்கால் தொன் எடையுள்ளது. அதன் ஒரு மூலையை நீளமான கைமரத்தால் இரண்டு பேர் நெம்பி உயர்த்திவிடுவார்கள். மரக்கொப்பில் சங்கிலி கட்டி இழுப்பார்கள். வரம்பு மேட்டில் ஏற்றுவார்கள். சிலர் கிடங்கு வெட்டி அதன்மேல் வண்டியை நிறுத்துவார்கள். இது நல்ல முறைதான். ஆனால் பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது, கிடங்கில் தேங்கி நிற்கும். அங்கே பீடிக்கு இடமில்லை.

ஆபத்து உயர்த்திய பின்னரே தொடங்குகிறது. ஜக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானதல்ல. எண்ணெயில் இயங்கும் ஜக்கின் சீல் தேய்ந்திருந்தால் அது மெல்ல மெல்ல இறங்கும், சிலவேளை ஒரேயடியாக இறங்கும். காரோடு வரும் சிறிய ஜக்கின் அடித்தட்டு ஒரு கையகலம்கூட இராது. கரையோர மணலில் பலகை போடாமல் வைத்தால் சரிந்துவிடும். கைப்பிறேக்கை நம்புவதும் வீண். பழைய கார்களில் பெரும்பாலும் அது பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், நிலத்தில் நிற்கும் முன்சில்லுகளைத் தடுக்க எதுவுமில்லை. அவற்றின் முன்னும் பின்னும் கட்டை வைத்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது சீமெந்துப் புளொக் கல். சுவரில் பாரம் பரவலாக இறங்குவதால் அது தாங்குகிறது. அச்சு ஒரே புள்ளியில் அழுத்தும்போது முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். மரம் அப்படியல்ல. பெரும்பாலும் முதலில் நெரியும், சத்தமிடும், ஆளுக்கு ஒரு கணம் அவகாசம் தரும். சதுரமாக அறுத்த தடித்த கட்டைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கினால் நல்ல தாங்கி. போர்க்காலத்தில் வடபாதையின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போனதை எல்லோரும் அறிவோம். உக்காமல் மிஞ்சியது எங்காவது கிடந்தால் அது இதற்கும் உதவும். கழற்றிய சில்லைக்கூட வண்டியின் கீழ் கிடத்தி வைக்கலாம். வண்டி விழுந்தாலும் சிறிது இடைவெளி மிஞ்சும்.

கீழே படுப்பவர் யார்? அநேகமாக வண்டிக்காரர் அல்ல. உடல் சிறுத்த, சொன்னதைத் தட்டாத எடுபிடிப் பையன். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலைகொள்வோனுக்கும் அவனிடம் வேலைசெய்பவனுக்கும் உரியது. உதவிக்கு வந்த அயல்வீட்டுப் பிள்ளையின் தாய் எதைக் காட்டி நட்டஈடு கேட்பாள்? ‘கவனமாக இருந்திருக்கலாம்’ என்ற பேச்சுத்தான் அவளுக்கு மிஞ்சும். கவனத்தைப் பற்றிப் பேசுமுன், அந்த முற்றத்தில் ஒரு தாங்கியாவது இருந்ததா என்று கேட்பதே நியாயம்.

எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. கதிரை, தகரப் பந்தல் எல்லாம் வாங்கி வைத்து, சாவீட்டுக்குக் குறைவின்றிக் கொடுக்கிறார்கள். அந்தக் கதிரைகளோடு இரண்டு சோடி இரும்புத் தாங்கிகளும் பத்துப் பன்னிரண்டு கட்டைகளும் இருந்தால் என்ன குறை? கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ பொறுப்பேற்றாலும் சரி. வாடகை மட்டும் அறவிட வேண்டாம். வாடகை என்றால் பத்து நிமிட வேலைக்கு எவரும் எடுக்க வரமாட்டார்கள். கட்டை வைக்காமல் கீழே நுழைவது அந்தப் பத்து நிமிட வேலைக்குத்தான்.