ஊரார் அலை எவருடைய உடைமை?

2024 ஓகஸ்ட் 26ஆந் திகதி நியூயோர்க் மாநகரில் ஒரு குரல் ஓய்ந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகளாகச் செய்தியையே தொழிலாகக் கொண்டிருந்த டபிள்யூ.சி.பி.எஸ். 880 என்னும் மத்திய அலை வானொலி நிலையம், அன்று விளையாட்டு நிலையமாக மாறியது.

அதன் பிறப்பை நினைவுகூர்வோம். 1967 ஓகஸ்ட் 28இல் செய்திச் சேவை தொடங்கவிருந்தது. முதல்நாள் சிறு விமானமொன்று மோதி ஒலிபரப்புக் கோபுரம் வீழ்ந்தது. நிலையத்தார் தளரவில்லை, குறித்த நாளிலேயே பண்பலையில் ஏறிச் செய்தி சொன்னார்கள். அன்று விமானம் வீழ்த்த முடியாததை இன்று கணக்குப் புத்தகம் வீழ்த்திவிட்டது. உரிமையாளரான ஓடசி நிறுவனம் பெருங்கடனில் மூழ்கி, 2024 ஜனவரியில் வங்குரோத்துச் சட்டத்தின் புகலை நாடியிருந்தது.

“நட்டத்தை எவன் சுமப்பான்?” என்று கேட்பார்கள். நாமும் ஒன்று கேட்கிறோம்: அந்த அலை எவருடையது? 1934ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொடர்பாடற் சட்டம் அலையைப் பயன்படுத்த அனுமதி தருகிறதேயன்றி, அதன்மீது உடைமை தரவில்லை. பொதுமக்களின் நலன், வசதி, தேவை ஆகியவற்றை முன்னிட்டே அவ்வனுமதி வழங்கப்படுகிறது. குளத்தில் முறைத்தண்ணீர் பெற்றவன், ‘வாய்க்காலே என்னுடையது’ என்றால் நம் கமக்காரர் பொறுப்பார்களா?

1981இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாம் மறைக்கவில்லை. நிகழ்ச்சிகளின் வகையைச் சந்தையே தீர்மானிக்கலாம் என்ற ஆணைக்குழுவின் கொள்கையை அது ஏற்றது. ஆகவே நடந்தது சட்டவிரோதமன்று. ஆயினும் சட்டம் தடுக்காததெல்லாம் நீதியாகிவிடுமா?

“1965 முதல் செய்தி சொல்லிவரும் 1010 வின்ஸ் இருக்கிறதே” என்பர். அதுவும் அதே நிறுவனத்தின் கையிலிருந்ததே! ஒரு சாட்சியே போதுமென்று சட்டம் சொல்லலாம். குறுக்கு விசாரணை வேண்டாமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு நிலையத்தின் பிழையைக் காட்ட மற்றொரு நிலையம் வேண்டும்.

“கைத்தொலைபேசி உண்டே” என்பர். 2003 ஓகஸ்ட் 14இல் அமெரிக்காவின் வடகிழக்கே இருளில் மூழ்கியபோது, கைத்தொலைபேசிகள் திணறின. மின்கலத்தில் இயங்கிய சிறு வானொலிப் பெட்டியே தெருவில் நின்றவனுக்குத் துணையாயிற்று. 2012இல் சாண்டிப் புயல் வீசியபோதும், தாக்குண்ட பகுதிகளின் கைத்தொலைபேசிக் கோபுரங்களில் ஏறக்குறைய காற்பங்கு செயலிழந்தன.

நட்டத்தில் நடத்து என்று எவரையும் நாம் கட்டாயப்படுத்தவில்லை. நம் கோரிக்கை சிறிது. செய்திப் பணியைக் கைவிட விரும்புவோன் முதலில் மக்கள் முன் பகிரங்க விசாரணைக்கு வரட்டும். அப்பணியை ஏற்கவல்ல வேறொருவருக்கு வாய்ப்பளிக்கட்டும். அதன் பின்னர் விலகட்டும். நியூயோர்க்கிற்கு மட்டுமன்று, அலைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் எந்த நாட்டிற்கும் இவ்விதி பொருந்தும்.

மழை வருமா என்று வானொலியில் செவிவைத்துக் காத்திருந்த கமக்காரனுக்கு இதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொதுச்சொத்தைப் பெற்றவன் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டியே தீரவேண்டும்!