மூலிகைச் சோப்பும் ருஜுவும்

வேம்பு, துளசி, பூந்திக்கொட்டை முதலியவற்றின் சாற்றைக் கொண்டு திரவ சோப்புச் செய்யும் முயற்சி இன்று நம் நாட்டில் பல ஊர்களில் நடைபெற்று வருகிறது. மாதர் சுய உதவிக் குழுக்களும் சிறு தொழில் செய்வோரும் இதில் ஈடுபட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால், புட்டியின்மேல் "கிருமிநாசினி" என்று பொறித்துவிட்டால் உள்ளிருக்கும் திரவத்திற்கு அச்சக்தி வந்துவிடாது. தொழிலைத் தளரச் செய்வதற்காக நாம் இதைக் கூறவில்லை. அது நிலைத்து நிற்கவேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

சோப்பு கையைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் கிருமிகளைக் கொல்வதனால் அன்று. எண்ணெய்ப் பசையோடும் அழுக்கோடும் அவற்றைப் பெயர்த்து நீரில் போக்கிவிடுவதனாலேயாம். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள ஸபோனின் என்னும் வஸ்து அழுக்கை நீக்குவதும் ஏறக்குறைய இவ்விதமே. தேங்காயெண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் சேர்த்தால் கட்டிச் சோப்பும், பொட்டாஷ் காரத்துடன் சேர்த்தால் திரவ சோப்பும் உண்டாகின்றன. காரம் அளவுக்கு மிஞ்சினால் தோல் புண்ணாகும். ஆகவே இது நிறுத்து அளந்து செய்யவேண்டிய சாஸ்திரம். கண்ணளவில் கலக்கும் காரியம் அன்று.

இன்னுமோர் அபாயம் உண்டு. பூந்திக்கொட்டைக் கஷாயம் சில தினங்களில் புளித்துவிடும். இலைச்சாறு கலந்த நீரே கிருமிகளுக்கு ஆகாரமாகும். "முற்றிலும் இயற்கை" என்ற பெருமைக்காகக் கெடாமற் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் மாதக்கணக்கில் விற்பது, கிருமிநாசினியின் பெயரால் கிருமியையே விற்பதாக முடியலாம்.

வேப்பஞ்சாறு சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது பரிசோதனைச் சாலைகளில் கண்ட உண்மையே. ஆயினும், அங்கே பல மணி நேரம் கிருமியோடு வைக்கப்படும் சாறும், சோப்பில் சிறிதளவு கலந்து அரை நிமிஷம் கையில் தங்கும் சாறும் ஒன்றாகா.

ஒன்றைச் சாதிப்பவனே அதை ருஜுப்படுத்தவேண்டும் என்பது நீதிமன்றத்து விதி. அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து இலாகா 2016-ம் வருஷத்தில் இவ்விதியையே கையாண்டது. டிரைக்ளோஸான், டிரைக்ளோகார்பன் உள்ளிட்ட 19 வஸ்துக்கள் சேர்ந்த கிருமிநாசினிச் சோப்புகள், நோயைத் தடுப்பதில் சாதாரணச் சோப்பையும் நீரையும் விட மேலானவை என்று கம்பெனிகள் ருஜுப்படுத்தவில்லை; ஆதலின் அவற்றின் விற்பனையை அவ்விலாகா விலக்கிற்று. பெருங்கம்பெனிகளுக்கு உரிய நியாயம் மூலிகைக்கு மட்டும் பொருந்தாதோ?

சுதேசி என்ற பெயரைச் சொல்லி இச்சோதனைக்குத் தப்புவது சுதேசியத்திற்கே இழிவு. மைசூர் சமஸ்தானத்தார் சந்தனச் சோப்புச் செய்யத் துணிந்தபோது தேசாபிமானத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சோசலே கரலபுரி சாஸ்திரியாரை இங்கிலாந்துக்கு அனுப்பி, சோப்புச் செய்யும் சாஸ்திரத்தைக் கற்றுவரச் செய்தனர். நூறாண்டு கடந்தும் அச்சோப்பு நிற்பதன் இரகசியம் அதுவே.

ஆதலின், செய்வோர் சேர்மானத்தையும் செய்த தேதியையும் மறைக்காது அச்சிடவேண்டும். ருஜுவாகாத குணத்தை விளம்பரம் செய்யலாகாது. ஏழைத் தொழிலாளர் தரும் மாதிரிகளைக் குறைந்த கட்டணத்தில் சோதித்துக் கொடுப்பது சர்க்காரின் கடமை. ஊழியர்களாகிய நம் நேயர்கள் தத்தம் ஊர்களில் இவ்விரண்டையும் வற்புறுத்துவார்களாக. "நன்றாய் அழுக்கு நீக்கும்" என்று சொல்லும் ஒரு சோப்பு, "கிருமியைக் கொல்லும்" என்று பொய் சொல்லும் நூறு சோப்புகளினும் நாட்டிற்கு மேலானது.