கூரை மேல போடு, கொறங்காட்டை விடு!

  

எங்கே பார்த்தாலும் இப்போது சோலார் பேச்சுதான். டீக்கடையில், பால் சொசைட்டியில், கல்யாணப் பந்தியில்கூட "உங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த வீட்டுக்கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட் கொடுக்கும். நம் சங்கத்துக்காரர்களே சிலர் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். வெயிலுக்கு நம்மூரில் பஞ்சமா என்ன? "சங்கத்துக்காரங்க சோலாருக்கு எதிரி" என்று புரோக்கர்கள் ஊர் ஊராகச் சொல்லி வருவதால் இதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

தகடு எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் நம் சண்டை.

ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் வேண்டும். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரைப் பிடித்தது. இப்போது அந்தக் கண் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகள் மேல் விழுந்திருக்கிறது. கேட்டால் "அது சும்மா கிடக்கிற தரிசுதானுங்க" என்கிறார்கள்.

தரிசா? சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். இது தானாக முளைத்த காடு அல்ல. நம் பாட்டன் பூட்டன் மழை குறைந்த மண்ணுக்கு ஏற்ற மாதிரி யோசித்து வைத்த ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்தால் போதும், புல் எழுந்து விடும். காட்டைத் தடுப்பு தடுப்பாகப் பிரித்து, ஒன்று மேய ஒன்று ஆறப்போட்டு, பங்குனி சித்திரை வரை ஓட்டுகிறோம். புல் தீர்ந்தால் வேலங்காய் ஆட்டுக்கு. காங்கேயம் மாடு அந்தத் திமிலோடு நிற்கிறதே, அது இந்தப் புல்லைத் தின்று நிற்கிறது. மாட்டைக் காப்போம் என்று 2017-ல் மெரினாவில் அத்தனை பிள்ளைகள் கூடினார்கள். மேய்ச்சல் காடு போனால் மாட்டை எங்கே கட்டிக் காப்பது, படத்திலா?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நிலத்துக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், போர் 1,000 அடி போயும் புகைதான் வருகிறது, கம்பெனிக்காரன் வருசா வருசம் குத்தகை தருகிறேன் என்கிறான். கையெழுத்துப் போட்டவரை நாம் துரோகி என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் காட்டை வருசக் குத்தகைக்குப் பிடித்து நாலு மாடு, இருபது ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்கே போகும்? பத்திரத்தில் அவர் பெயர் கிடையாது. அவருக்கு ஒரு பைசா இழப்பீடும் கிடையாது. இருபத்தைந்து வருசம் கழித்து நிலம் திரும்பி வந்தாலும் வேலி இருக்காது, மரம் இருக்காது, புல் விதை இருக்காது. கான்கிரீட் குழிதான் இருக்கும்.

பம்பு செட்டுக்கும் இதே கதைதான். 2019-ல் வந்த குசும் திட்டத்தில் மானியம் 7.5 எச்.பி. வரைக்கும்தான் கணக்கு. வாய்க்கால் பக்கத்துக் கிணற்றுக்குச் சரி. நம் ஆழத்துக்கு எடுக்குமா? அடைமழை மூட்டத்தில் மோட்டார் முனகும். வேண்டியவர் போட்டுக் கொள்ளட்டும். ஆனால் சோலாரைக் காட்டி இலவச மின்சாரத்தில் கை வைக்க நினைத்தால் விட மாட்டோம். 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மின்கட்டணப் போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலம் முழுக்க நடந்து, 1990-ல் வந்த உரிமை இது. யாரும் போட்ட பிச்சை இல்லை.

நகரத்தில் "பசுமைக் கட்டிடம்" என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. வரட்டும். அந்தச் சுவருக்குச் செங்கல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கிய பிறகுதான் 2021-ல் சூளைகளை மூடினார்கள். நம் அப்பாரு கட்டிய ஓட்டு வீட்டில் ஆசாரத்துத் திண்ணையில் மத்தியானம் படுத்தால் ஃபேன் தேவைப்படாது. அதற்கு எந்தச் சர்டிபிகேட்டும் கொடுக்கவில்லை!

நாம் கேட்பது இதுதான். அரசு ஆபீஸ், பள்ளிக்கூடம், நூற்பு மில், பனியன் கம்பெனி, குடோன் என்று ஆயிரக்கணக்கான கூரை வெயிலில் காய்கிறது, முதலில் அதை நிரப்புங்கள். கொறங்காட்டை மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் ஏற்றுங்கள். குசும் திட்டத்திலேயே அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியோ, கூட்டுறவுச் சங்கமோ, பஞ்சாயத்தோ தானே நிலையம் அமைத்து விற்க வழி இருக்கிறது. விளைநிலமானால் உயரத் தூண் நட்டு, கீழே பயிர் வைக்கவும் இடம் உண்டு. அந்த வழியை ஏன் எந்த அதிகாரியும் ஊருக்கு வந்து சொல்வதில்லை? கம்பெனிக்கு மட்டும் வீட்டு வாசலுக்கே வந்து சர்வே எடுக்கிறார்களே!

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு தாராபுரம் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். மாடுகளையும் ஓட்டி வருகிறோம். காலையிலேயே தண்ணி காட்டி, படலைச் சாத்திவிட்டு வந்து சேருங்கள். ஏற்கெனவே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் தயங்காமல் வரலாம். நகலைக் கையோடு எடுத்து வாருங்கள், சங்க வக்கீல் அங்கேயே உட்கார்ந்து படித்துச் சொல்வார்.