தாராவிக் கிழவியும் ஆட்டமேசையும்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டங்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு நாயகரை ஏற்பர். சத்திரக்காரர், காவலர், வணிகர் என எஞ்சிய அனைவருக்கும் ஆட்டநடத்துநர் ஒருவரே குரல் கொடுப்பார். இத்துணைமாந்தரைப் படைக்கப் பலரும் நாடும் குறுக்குவழி, ஒரு பெயரும் ஒரு விசித்திர உச்சரிப்பும்.

உச்சரிப்பு வெறும் அணியலங்காரம் அன்று. டிஸ்னியின் அசைவூட்டப் படங்களை ஆராய்ந்த ரோசினா லிப்பி-கிரீன், அயல் உச்சரிப்புடைய பாத்திரங்களிடையே தீயோரின் விகிதம் கூடுதலாக இருப்பதை 1997-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். தமிழ்த் திரையும் இதற்கு விலக்கன்று: பாலக்காட்டுப் பேச்சு சிரிப்புக்கு, நெல்லைப் பேச்சு அரிவாளுக்கு. மாட்டுங்காவிலும் தாராவியிலும் இவ்விரு வழக்குகளையும் பேசி வாழ்வோர் இப்பங்கீட்டைக் கேட்டு வாங்கவில்லை.

தமிழ் மரபில் இதைவிடச் சிறந்த முறை உண்டு. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டி அழைப்பதில்லை. தோழிக்கும் பெயர் இல்லை; ஆயினும் அவள் யாரிடம், எச்சூழலில், எதன்பொருட்டுப் பேசுகிறாள் என்பதைத் தொல்காப்பியம் விரிவாக வகுக்கிறது. களவை ஊரறியாமல் காக்கவும் வேண்டும். வரைவுக்குத் தலைவனைத் தூண்டவும் வேண்டும். இந்த இழுபறியே அவளுக்கு உயிர்.

மாயநகரத்துக்குத் தாராவியை முன்மாதிரியாகக் கொள்வோர் அதைத் திருடர் கூடாரமாக்கிவிடுவது சோம்பல். அங்குள்ள உண்மையான இழுபறி வேறு. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைச் சான்றுடன் நிறுவுவோர்க்கே தாராவிக்குள் இலவசமாக 350 சதுர அடி வீடு. மேல்தளத்தார்க்கு அவ்வுரிமை இல்லை. ஒரு துணைமாந்தரைப் படைக்க இவ்விதி ஒன்றே போதும். இடிபடவிருக்கும் கோட்டைப்புறச் சேரி. தோல்தொழிலுக்காகக் குடிபெயர்ந்த குடும்பத்துக் கிழவி. பழைய மன்னனின் முத்திரையிட்ட ஓலை அவளது தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மகனோ பரணில் குடும்பம் நடத்துகிறான். அதற்கு ஓலை ஏதும் இல்லை.

இனி அவள் பேச்சுக்குத் தனி உச்சரிப்பைத் தேட வேண்டியதில்லை. கேட்பவருக்கேற்பப் பேசுவோரின் நடை மாறுவதை ஆலன் பெல் 1984-இல் விளக்கினார். அரண்மனை எழுத்தரிடம் அவள் தட்டுத்தடுமாறி அரசமொழி பேசுவாள். அண்டைவீட்டாளிடம் 'சொல்லுதேன்', 'வாரேன்' என்பாள். (செம்பூர் வீடொன்றில் ஒரே உணவுவேளைக்குள் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் புழங்குவதைக் கேட்டவர்க்கு இது புதிதன்று.) வாளேந்திய நாயகர்கள் கதவைத் தட்டுகையில், பரணில் பேரன் அழும் ஒலி வெளியே கேட்காதிருக்க அவள் எந்த மொழியில் குரலை உயர்த்துவாள் என்பதை ஆட்டநடத்துநர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.