சான்றிதழுக்குப் பின் வரும் சித்திரை

சிப்பிக் காளான் வளர்ப்பைக் கற்க ஒரு நாள் போதும். வைக்கோலைப் பதப்படுத்தி, காளான் விதையிட்டுப் பை கட்டினால் மூன்று, நான்கு வாரங்களில் முதல் அறுவடை வந்துவிடும். சோதனை அதன் பிறகுதான். சித்திரை வெயிலில் குடில் கொதிக்கும்; பையில் பச்சைப் பூசணம் படரும்; பறித்த காளானோ மறுநாளே வாடும். அப்போது கைகொடுக்க ஆளில்லாத இளைஞர், பயிற்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியூருக்கு வேலை தேடிக் கிளம்புகிறார்.

பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று அவற்றின் எண்ணிக்கை 700ஐத் தாண்டிவிட்டது. கிராமத்து இளைஞர்களை வேளாண்மையில் நிறுத்திவைப்பதற்கென்றே 2015-16இல் ‘ஆர்யா’ திட்டமும் வந்தது. பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து யார் துணை என்பதுதான் கேள்வி.

இதற்கு இந்தோனேசியா 1989இலேயே ஒரு வழி காட்டியது. புகையான் பூச்சியால் நெல் அழிந்த அந்நாட்டில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் வரையிலான குழு, நடவு முதல் அறுவடை வரை வாரந்தோறும் வயலில் கூடியது. தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்வது எத்தனை என்று எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அப்படிக் கற்ற உழவர்கள் பலர் பின்னர் பயிற்றுநர்களாயினர்.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைக் காத்த நெல் ஜெயராமன் கண்ட வழி இன்னும் எளிது. 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையோடு உழவரும் திரும்பி வந்தார். விளைச்சலைப் பற்றிய பேச்சும் வந்தது. 2018இல் ஜெயராமன் மறைந்த பிறகும் திருவிழா நிற்கவில்லை.

அரசுத் திட்டங்களுக்கும் இந்தத் தொடர்ச்சி வேண்டும். இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்ற கணக்கோடு, இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் தொழிலில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் ஆண்டறிக்கையில் வர வேண்டும். நிதியை மூன்று ஆண்டுக்காவது உறுதிசெய்து, ஏற்கெனவே பயின்று வென்ற உள்ளூர் உழவர்களை ஊதியம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர்தான், அதன் பட்டாவும் பெரும்பாலும் தந்தை பெயரில் இருக்கும். ஆகவே பயிற்சி முடித்தவருக்கு, சொந்தப் பட்டா இல்லாவிட்டாலும் முதல் போகத்துக்கான கடன் கிடைக்கக் கூட்டுறவு வங்கிகள் வழிசெய்ய வேண்டும்.