தேர்மோஸ்ரற்றைக் குறை சொல்லுமுன்

வாகனம் சூடேறுகிறது என்று கராஜுக்குப் போனால், "எங்கட வெயிலுக்கு தேர்மோஸ்ரற் தேவையில்லை, கழட்டி எறியுங்கோ" என்பார் ஒருவர். சற்று நிதானமாகப் பேசும் இன்னொருவர், "88 பாகையில் திறக்கிறதை எடுத்துப்போட்டு 74 இல் திறக்கிறதைப் போடுவம்" என்பார். முதலாவது ஆலோசனையை நாம் ஏற்பதற்கில்லை. இரண்டாவது பெரும்பாலும் வீண்செலவு என்பது எமது கருத்து. இடப்பெயர்வின்போது பிள்ளைகளையும் நெல் மூட்டைகளையும் ஏற்றி வந்த அதே பழைய வாகனத்தை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

தேர்மோஸ்ரற் என்பது எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குத் தண்ணீர் போகும் வழியிலுள்ள ஒரு சிறு கதவு. அதனுள்ளே மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் குறித்த சூட்டை அடைந்ததும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். ஆறினால் சுருள்வில் அதை மூடிவிடும். ஆகவே, எஞ்சின் எந்த அளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதையே அது தீர்மானிக்கிறது. எந்த அளவுக்கு மேலே சூடேறக்கூடாது என்பது அதன் கையில் இல்லை. கதவு முழுதாகத் திறந்த பின்னர் பொறுப்பெல்லாம் றேடியேற்றருக்கும் விசிறிக்கும் பெல்ற்றுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் உரியது. கொதித்துப் பொங்கும் எஞ்சினில் 88 பாகைக் கதவும் திறந்தே நிற்கும், 74 பாகைக் கதவும் திறந்தே நிற்கும். மாற்றியதால் கிடைப்பது சில நிமிடத் தாமதம் மாத்திரமே.

மொறிஸ் மைனர், மினி போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களின் எஞ்சினுக்கு 74, 82, 88 பாகை என மூவகை விற்கப்பட்டன. 74 வெப்ப நாடுகளுக்கானது. அத்தகைய எஞ்சினுக்கு அதைப் போடுவதில் பிழையில்லை. செய்தவர்களே அதற்கு இடம் வைத்திருந்தார்கள். இன்றைய கணினி பொருத்திய எஞ்சின்கள் வேறு. தண்ணீர் போதிய அளவு சூடேறாவிட்டால், எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணித்து அவை மேலதிக எரிபொருளை ஊற்றும்.

குளிர்ந்த எஞ்சின் என்ன செய்யும் என்பதை, 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டியவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெய் ஆவியாகப் பெற்றோலிலும் கூடிய சூடு வேண்டும். ஆவியாகாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் நீர்த்துப்போகும், றிங்குகள் தேயும். அதனாலேதான் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பழைய போர்ட்சன் உழவு இயந்திரங்களில், சூட்டைக் காக்க றேடியேற்றருக்கு முன்னால் திரை கட்டும் வழக்கம் இருந்தது. பெற்றோலிலும் டீசலிலும் இதே தேய்மானம் மெதுவாக நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் எவரும் கவலைப்படுவதில்லை.

கழற்றி எறிவது இதிலும் மோசம். சில எஞ்சின்களில், தேர்மோஸ்ரற் திறக்கும்போது தண்ணீர் திரும்பிச் செல்லும் பக்கவழியையும் அதுவே அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைத் தணிக்கப் போய்ச் சூட்டைக் கூட்டியதாகவே முடியும்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்காக ஊற்றிய றேடியேற்றரின் குழாய்களில், கேத்தலின் அடியில் படிவதைப்போல வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். வெளியே தகடுகளுக்கிடையில் உமியும் புழுதியும் புல் விதையும் அடைத்திருக்கும். மழைத்தண்ணீரைச் சேர்த்து ஊற்றுவதற்கும், தகடுகளைப் பின்புறமிருந்து தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதற்கும் காசு தேவையில்லை. பெல்ற் தளர்ந்துள்ளதா, றேடியேற்றர் மூடியின் றப்பர் வெடித்துள்ளதா என்றும் பாருங்கள். மூடி அமுக்கத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் நிற்கும். எஞ்சின் நன்றாக ஆறுமுன் அந்த மூடியில் கை வைக்க வேண்டாம்.

தேர்மோஸ்ரற்றிலேயே சந்தேகம் என்றால் அதைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த பானைத் தண்ணீரில் அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள். கைபொறுக்கும் சூட்டில் மூடியே இருக்கவேண்டும், தண்ணீர் கொதிக்கையில் நன்றாகத் திறந்திருக்கவேண்டும். திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள், பழையதில் பொறித்துள்ள அதே இலக்கத்தில்.